மாலை கழற்றிய கை

மறுபடியும் அதே நாற்காலி. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சுவரோரமாகப் போட்டிருக்கும் இரும்பு நாற்காலிகளில் கதவிலிருந்து மூன்றாவது. போன கார்த்திகையில் இதே இடத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று கையில் பேனா இருக்கிறது. என் கணவர் ஏழுமலை உள்ளேதான் இருக்கிறார். ஆனால் இந்த முறை படுத்திருப்பவர் அவர் இல்லை. வேறு ஒருவரை அழைத்து வந்திருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு ஓரிடத்தில் சும்மா உட்கார வராது. பால்வாடி டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகள் பின்னால் ஓடிப் பழகிய கால். எழுந்து கதவு வரை போவேன், செக்யூரிட்டி முறைப்பார், திரும்பி வருவேன். நாலு முறை ஆயிற்று. ஐந்தாவது முறை, "உக்காரும்மா, கூப்புடுவாங்க" என்று அதட்டியே விட்டார். அதனால் பையிலிருந்த நோட்டை எடுத்தேன். இதை எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். குடிக்கிற புருஷனுக்கு ஐயப்பன் மாலை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நானும் அப்படி நம்பியவள்தான். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில். அவருக்கு சேதராப்பட்டில் பிளாஸ்டிக் வாளி, குடம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலை. குடி எப்போது தொடங்கியது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. புதுச்சேரியில் அதற்கென்று தனியாக ஒரு காரணம் தேவையில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் கடை, தெரு திரும்பினால் கடை. வெளியூர்க்காரர்களே வண்டி பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள், உள்ளூர்க்காரருக்கு என்ன கேடு? முதலில் சம்பள நாளன்று. பிறகு ஞாயிற்றுக்கிழமை. பிறகு தினமும் ஷிப்ட் முடிந்ததும். போன வருடம், பல் விளக்குவதற்கு முன்பே கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் கை நடுங்காமல் காபி டம்ளரைப் பிடிக்க முடியும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அடிக்க மாட்டார். என் அக்கா தேவி அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றுவாள். அடிக்காத புருஷன் என்பதெல்லாம் ஒரு பட்டமா என்று எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் கார்த்திகை ஒன்று வந்தால் வீட்டில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். ஏழு வருடமாக அவர் மாலை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடமாட்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியற்காலைக் குளியல். மாலை போட்டவரை மனைவியும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமிக்கு இன்னொரு தோசை ஊத்தட்டா?" என்று நான் கேலியாகக் கேட்பேன், அவரும் சிரிப்பார். பத்தாவது படிக்கும் எங்கள் மகள் யமுனாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். எனக்குத் தீபாவளியெல்லாம் பெரிதில்லை, கார்த்திகைதான் பண்டிகை.

மலைக்குப் போய்த் திரும்பியதும் கோயிலில் வைத்துக் குருசாமி மாலையைக் கழற்றுவார். காலை பத்து மணிக்குக் கழற்றினால், மதியச் சாப்பாட்டுக்கு இவர் நிற்க முடியாத நிலையில் வருவார். ஒரு வருடம் வரவேயில்லை. இருமுடிப் பையையும் அரவணை டப்பாவையும் பக்கத்துத் தெரு சாமி ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கழுத்தில் மாலை இருந்தால் என் கணவர். இல்லாவிட்டால் யாரோ. எங்கள் குடித்தனம் இந்தக் கணக்கில்தான் ஓடியது.

போன வருடம் கார்த்திகைக்கு முந்தின நாள் அவர் என்னிடம் ஒன்று சொன்னார்.

"இந்த வருஷம் வேணாம் செல்வி. ஒடம்பு தாங்காது. பயமா இருக்கு."

"ஏழு வருஷம் தாங்கின ஒடம்பு இப்ப மட்டும் இன்னா ஆவும்?"

"இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சி நிறுத்தறேனே."

குடிகாரர் சாக்குச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே கழுவுத் தொட்டியில் கவிழ்த்தேன். பிறகு குருசாமி வீட்டுக்கு நடந்து போய், நாளைக்கு முதல் மாலை இவருக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். குருசாமி நல்ல மனிதர். டூவீலர் மெக்கானிக். எங்கள் பகுதியில் அவர் கையால்தான் எல்லோரும் மாலை போடுவார்கள். "கவலப்படாதம்மா, ஐயப்பன் பாத்துப்பாரு" என்றார். மறுநாள் விடியலில் மாலை போட்டாயிற்று. அவருடைய உடம்பு அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது, நான்தான் காதில் வாங்கவில்லை.

அன்று மதியத்திலிருந்தே வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. முந்தைய வருடங்களிலும் முதல் இரண்டு நாள் கொஞ்சம் நடுக்கம் இருக்கும், போய்விடும். அப்போதெல்லாம் ராத்திரி மட்டும் குடித்தவர், இப்போது காலையிலேயே குடிக்கிறவர் என்கிற வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை. அழுக்கு வெளியே போகிறது என்றார் குருசாமி. நானும் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் எனக்கு வீட்டு விலக்கு. மாலை போட்ட வீட்டில் அந்த நாட்களில் பெண்கள் இருக்கக் கூடாது, தெரிந்ததுதானே. யமுனாவைக் கூட்டிக்கொண்டு முதலியார்பேட்டையில் இருக்கும் தேவி வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் குருசாமி வீட்டில் பஜனை. அங்கிருந்து குருசாமி எனக்குப் போன் செய்தார். பின்னால் ஒரே சரண கோஷம்.

"அம்மா, ஒங்க வூட்டுக்காரருக்கு சாமி வந்துடுச்சி! இத்தினி வருஷத்துல இப்பதான் எறங்கியிருக்காரு. ஒடம்பையே தூக்கித் தூக்கிப் போடுது!"

"நான் வரட்டுமா சாமி?"

"நீங்க இப்ப வரக் கூடாதும்மா. அங்கருந்தே கும்புட்டுக்குங்க."

நான் கும்பிட்டேன். அக்கா வீட்டுச் சமையலறையில் ஜன்னலைப் பார்த்து நின்று, கண்ணீர் விட்டு, கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனை வருடக் குடிக்கு இன்றோடு முடிவு என்று மனம் துள்ளியது. என் கணவருக்கு வலிப்பு வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அங்கே நடந்ததைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கற்பூரம் காட்டியிருக்கிறார்கள், நெற்றி நிறைய விபூதி அப்பியிருக்கிறார்கள். வலிப்பு அடங்கி அவர் முனகத் தொடங்கியதும், ஒருவர் தன் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று வாக்குக் கேட்டிருக்கிறார். இவர், "எறும்பு, எறும்பு" என்றிருக்கிறார். எறும்பு வரிசை மாதிரி வரன் வரும் என்று அதற்கு ஒருவர் பொருள் சொல்ல, கேட்டவர் குளிர்ந்துபோய் விழுந்து கும்பிட்டிருக்கிறார்.

மறுநாள் காலை மறுபடி போன். இந்த முறை குருசாமியின் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"சாமி இன்னும் மலையேறலம்மா. மறுபடியும் தூக்கிப் போட்டுச்சி. வாயில கொஞ்சம் ரத்தம் வருது..."

பக்கத்தில் நின்ற அக்கா கேட்டுவிட்டாள். "ரத்தமா? சாமி வந்தா ரத்தம் எதுக்குடி வருது?" யமுனா என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு வந்தது சாமியா, இல்ல வேற ஏதாவதாம்மா?" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

குருசாமி வீட்டுக் கூடத்தில் அவர் தரையில் கிடந்தார். நாக்கைக் கடித்து உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. காற்றில் எதையோ பிடித்துப் பிடித்துத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். வேட்டி முழுக்க ஈரம். வாசலில் குருசாமி தயங்கித் தயங்கி, "அம்மா, நீங்க உள்ள..." என்று இழுத்தார்.

"சாமி வந்தவரு வேட்டியிலயா ஒண்ணுக்குப் போவாரு? ஆட்டோ கூப்புடுங்க!"

அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. குருசாமியே தெருவில் இறங்கி ஓடி ஆட்டோ பிடித்து வந்தார்.

இந்தக் கதவுக்கு உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர் வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப குடிச்சாரு?"

எனக்குச் சுருக்கென்றது. "மாலை போட்டிருக்காரு டாக்டர். குடிக்கவேயில்ல" என்றேன், ஏதோ கௌரவத்தைக் காப்பாற்றுகிற மாதிரி.

"அதான்மா கேக்கறேன். எப்ப நிறுத்துனாரு?"

"முந்தாநேத்து காலையிலேர்ந்து. அதுக்கு மொத நாளு வரைக்கும் தெனமும்... காலையிலயே."

அவர் நர்ஸிடம் ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னார். அது உள்ளே போனதும் உடம்பின் துள்ளல் கொஞ்சம் மட்டுப்பட்டது. பிறகு என்னைத் தள்ளி நிற்க வைத்து விளக்கினார். தினமும் குடிக்கிறவர் மூளையைச் சாராயம் அமுக்கிக்கொண்டே இருக்கும். மூளையும் அதை எதிர்த்து முட்டிக்கொண்டே பழகிவிடும். மூடிய கதவை நீங்கள் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருப்பவர் சட்டென்று கதவை விட்டால் எப்படிக் குப்புற விழுவீர்களோ, அப்படித்தான் இதுவும். நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அதனால் வருவது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

"நிறுத்துனது தப்பா டாக்டர்?"

"நிறுத்துனது தப்பே இல்லம்மா. எங்ககிட்ட வராம நிறுத்துனதுதான் தப்பு. மாத்திரை குடுத்து, பாத்துப் பாத்து எறக்கணும்."

பாட்டிலைக் கவிழ்த்தது நான்தான் என்று சொன்னேன். "இப்ப அழுவாதீங்க. விழுந்ததுல தலையில அடிபட்டிருக்கான்னு ஸ்கேன் எடுக்கணும். கழுத்துல இருக்கறதைக் கழட்டுங்க" என்றார்.

மாலையில் ஒரு உலோக டாலர் இருந்தது. அது ஸ்கேனில் குறுக்கே விழும். மாலையைக் கழற்ற வேண்டியது குருசாமி. அதுவும் மலைக்குப் போய் வந்த பிறகு. அவரோ வெளியே நிற்கிறார், ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். எனக்கு அன்று மூன்றாம் நாள். அந்த நிலையில் அவர் இருக்கும் வாசலைக்கூட நான் மிதிக்கக் கூடாது.

"சிஸ்டர், நீங்க கழட்டிடறீங்களா?"

"என் ரெண்டு கையும் எங்க இருக்குன்னு பாருங்கம்மா" என்றார் நர்ஸ். ஒரு கையால் அவருடைய தோளையும் மறு கையால் குளுகோஸ் ஊசியையும் பிடித்திருந்தார். நான்தான் கழற்றினேன். துளசி மணி காதில் மாட்டி இழுத்தது. சரணம் சொல்ல வாய் வரவில்லை. "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று மட்டும் வந்தது. யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கே வைப்பது? தோளில் என் கைப்பைதான். உள்ளே வீட்டுச் சாவி, பஸ் சில்லறை, அந்த நாட்களுக்கான நாப்கின் பாக்கெட். அதிலேயே போட்டு ஜிப்பை இழுத்தேன்.

தலையில் அடி இல்லை. வார்டுக்கு மாற்றினார்கள். அடுத்த மூன்று நாட்களை அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. கட்டிலிலிருந்து குதிக்காமல் இருக்க இரண்டு கைகளையும் மெத்தென்ற துணியால் கட்டி வைத்திருந்தார்கள். கம்பெனியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, "மோல்டைத் தொற! குடம் ஒட்டிக்கிச்சி!" என்று கத்துவார். சுவர் முழுக்க எறும்பு என்பார். என்னைப் பார்த்து, "சூப்பர்வைசர் சார், ஒரு நாள் லீவு குடுங்க" என்று கெஞ்சினார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வைட்டமின் ஊசி ஒன்று வேளாவேளைக்குப் போட்டார்கள். பி ஒன் என்றார்கள். குடிக்கிறவர்கள் உடம்பில் அது வற்றிப்போய் இருக்குமாம், அதைக் கொடுக்காவிட்டால் நினைவே நிரந்தரமாகக் கெட்டுப்போகுமாம்.

உட்கார்ந்தால் பயம் பிடித்துக்கொள்ளும் என்று நான் நடந்துகொண்டே இருந்தேன். ரத்த சாம்பிள் கொடுக்க ஒரு மாடி, ரிப்போர்ட் வாங்க இன்னொரு கட்டிடம், வயிற்று ஸ்கேனுக்கு வேறு வரிசை. யாராவது 'அங்க போய்க் கேளுங்க' என்றால் சந்தோஷமாகப் போவேன். தேவி தினமும் ரசம் சாதம் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். வந்து ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குருசாமி வார்டு வாசல் வரை வந்து, உள்ளே வராமல், வாழைப்பழச் சீப்பை நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

பக்கத்துக் கட்டிலில் டவுனில் தையல்கடை வைத்திருந்த ஒருவர். வயிறு பானை மாதிரி வீங்கிக் கண்ணெல்லாம் மஞ்சள். கல்லீரல் சுருங்கிப்போய்விட்டது, அதனால் வயிற்றில் நீர் கட்டுகிறது என்றார்கள். அவர் மனைவி மெஹருன்னிசாவும் நானும் இரண்டே நாளில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை ஒருவர் நிரப்பும் அளவுக்கு ஆகிவிட்டோம். "ஒங்களுக்குப் பரவால்ல செல்வி, குடின்னு வாய் விட்டுச் சொல்றீங்க. எங்க சொந்தக்காரங்ககிட்ட நான் சுகர்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் துணி விரித்துத் தொழும்போது, என் கணவர் சத்தம் போடாமல் நான் பார்த்துக்கொள்வேன். நான் மாடி மாடியாக அலையும்போது, இவர் கைக்கட்டு இறுக்கிவிடாமல் அவர் பார்த்துக்கொள்வார்.

ஐந்தாம் நாள் காலை இவர் கண்ணைத் திறந்து, "செல்வி, தண்ணி" என்றார். என் பெயர்! நான் ஓடிப்போய் எல்லா நர்ஸிடமும் சொன்னேன். டாக்டர் வந்து, இவருடைய கல்லீரலும் வீங்கித்தான் இருக்கிறது, ஆனால் சுருங்கவில்லை, இனி ஒரு மூடிகூடக் குடிக்காவிட்டால் அது தேறிவரும் என்றார். குடித்தால்? டாக்டர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். இவரும் பார்த்தார்.

டாக்டர் போனதும் இவர் கை கழுத்துக்குப் போனது.

"மாலை எங்க?"

"ஸ்கேனுக்காகக் கழட்டினாங்க. பத்திரமா இருக்கு."

"யாரு கழட்டினா?"

"நர்ஸுதான்."

பொய் சட்டென்று வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஏழு வருடமாக, மாலை கழற்றிய காலைகளில் நான் பார்த்த அதே முகம். கடமை முடிந்துவிட்டது, இனி யாரும் கேட்க முடியாது என்கிற முகம். அதற்குப் பிறகு நான் அவரை விட்டுப் பாத்ரூமுக்குக்கூட நிம்மதியாகப் போகவில்லை.

எட்டாம் நாள் விடியும் முன் தையல்காரரை ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். பத்து மணிக்கு மெஹருன்னிசா மட்டும் திரும்பி வந்தார். பொருட்களை எடுத்துக்கொண்டு, வெந்நீர் பிளாஸ்கை மட்டும் என் கையில் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு இனிமே எதுக்கு" என்றார். நான் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்தால், இவர் கட்டில் காலி.

டீ குடிக்கப் போனதாக எதிர்க் கட்டில்காரர் சொன்னார். படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கேன்டீனில் இல்லை. மருந்து வாங்கும் வரிசையில் இல்லை. கேட்டுக்கு வெளியே ஓடினேன். பழ வண்டிகளைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, ரோட்டோரமாக நின்றிருந்தார். லுங்கி, கையில் ஊசி செருகிய பிளாஸ்திரி. எதிர்ப்புறம் பிராந்திக் கடை. நான் பக்கத்தில் போய் நின்றதும் திரும்பாமலே பேசினார்.

"கழுத்துல ஒண்ணும் இல்ல செல்வி. மாலை இருந்தா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். அதான் கழட்டிட்டாங்க இல்ல. காலு தானா வந்துடுச்சி."

"நேத்து வரைக்கும் பக்கத்துல படுத்திருந்தவரு இன்னிக்கி இல்ல. பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். அதான் இன்னும் ஜாஸ்தியா வேணும்போல இருக்கு."

அதற்கு மேல் எனக்கு மறைக்கத் தெம்பு இல்லை. "நர்ஸு கழட்டல. நான்தான் கழட்டினேன்" என்றேன்.

"நீயா? நீ தேவி வூட்ல இல்ல இருந்த..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மூணாவது நாளு. இந்தக் கையாலதான் கழட்டினேன். இதோ, இந்தப் பையிலதான் எதெதுகூடவோ போட்டு வெச்சிருக்கேன். சாமி கோவிச்சுக்கறதா இருந்தா அன்னிக்கே உங்கள எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும். போவல. நிக்கறீங்க. எங்கூடப் பேசறீங்க. இதுக்கு மேல உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டேனே தவிர, பயம் விடவில்லை. பக்தியுள்ள மனிதர். விரதம் கெட்டது, கெடுத்தது நீ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினால் என்னால் தடுக்க முடியாது. காலம் முழுக்க அதைச் சொல்லியே குடிக்கலாம். திண்டிவனம் போகும் பஸ் ஒன்று எங்களுக்கும் கடைக்கும் நடுவில் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, போனது. கடை மறுபடி தெரிந்தது.

"எடு" என்றார்.

ஜிப்பைத் திறந்து மாலையை எடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"போட்டுக்குங்க. குருசாமிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "போட்டா ஒரு நாளு கழட்டணும் செல்வி. ஏழு வருஷமும் நான் சாமியக் கும்புடல. கழட்டுற நாள எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். நீ கழட்டிட்ட. இனிமே எண்ண ஒண்ணும் இல்ல. பையிலயே வை."

பிறகு பஸ் ஸ்டாப் பக்கம் இருந்த டீக்கடைக்கு அவரே நடந்தார். இரண்டு டீ சொன்னார். டம்ளர் கையில் நடுங்கியது, பாதி சட்டையில் கொட்டியது, ஆனாலும் குடித்தார்.

அதன் பிறகு எல்லாம் நன்றாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் மாத்திரை, குடி மறக்க வைக்கும் ஓபியில் வாரா வாரம் வரிசை, காரணமில்லாத கோபம், தூக்கமின்மை. கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் மெஷினில் இல்லை, பேக்கிங்கில். மாலை எங்கள் வீட்டுச் சாமி படத்தின் கீழே ஆணியில் தொங்குகிறது. காலையில் ஷிப்டுக்குப் போகும் முன்பும், வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால் நின்று சரணம் சொல்கிறார். முன்பெல்லாம் வேலை விட்டதும் கடையில் நிற்கிற நேரம் அது. சத்தமே வராது, உதடு மட்டும் அசையும். நான் இன்னும் அவர் வாசலில் நுழையும்போது மூக்கைத் தூக்குகிறேன். பழக்கம் போகவில்லை. அவரும் விடுவதில்லை. "ஊதட்டுமா டீச்சர்?" என்று வாயைத் திறந்துகொண்டு நிற்பார். சில நாள் சிரிக்கிறேன், சில நாள் நிஜமாகவே ஊதச் சொல்கிறேன்.

இந்தக் கார்த்திகைக்கு அவர் மாலை போடவில்லை. ஏழுமலைக்குப் பக்தி விட்டுப்போச்சு என்று தெருவில் பேச்சு. ஆனால் தினமும் விடியலில் குருசாமி வீட்டுப் பூஜைக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வருகிறார். இன்று காலை எனக்குப் போன் செய்தார். "கோரிமேட்டுக்கு வா. ஒருத்தரக் கூட்டியாந்திருக்கேன். அவரு சம்சாரம் தனியா உக்காந்து அழுவுது."

நடந்தது இதுதான். மாலை போட்டு இரண்டு நாளான ஒரு பெயின்டர், பூஜையில் கற்பூரத் தட்டை வாங்கும்போது கை நடுங்கிக் கீழே போட்டுவிட்டார். வேர்வை ஊற்றுகிறது. யாரோ "சாமி எறங்கறாரு" என்று தொடங்கியிருக்கிறார்கள். என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து, காதோடு கேட்டிருக்கிறார்: "சாமி, கடைசியா எப்ப குடிச்சீங்க?" அந்த மனிதர் அழுதுவிட்டாராம். குருசாமி தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தியிருக்கிறார். வலிப்பு வருவதற்கு முன்பே கொண்டுவந்துவிட்டார்கள்.

பெயின்டரின் மனைவி என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். சின்னப் பெண். மெஹருன்னிசாவின் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. என் கணவர் வெளியே வந்தார். கையில் புது மாலை, டாலரோடு. "ஸ்கேன் எடுக்கணுமாம். கழட்டச் சொன்னாங்க, கழட்டிட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் பதறி எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஐயோ, நான் தொடக் கூடாதுண்ணா."

அவர் என் பக்கம் திரும்பினார். "செல்வி, பையில வை."

நான் குரலைத் தாழ்த்தி, "எனக்கு இன்னிக்கி ரெண்டாவது நாளுங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். "பையத் தொற."